கேட்டுப் பெற்ற பாட்டு

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாடிப்பூரத்தை ஒட்டி நடைபெறும் உபந்யாஸங்களில், சங்கீதம் பயிலும் பெண்குழந்தைகள் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. “சங்கீத மும்மூர்த்திகளைக் கொண்டாடுகிறோம். அவர்களுக்கு முன்பு அன்னமாசார்யரையும் புரந்தரதாஸரையும் சொல்கிறோம். பின்பு வந்தவர்களில் பாபநாசம் சிவன் போன்றோரைச் சொல்கிறோம். இவ்வரிசையில் பெண்களின் பெயர் ஏன் வருவதில்லை? பெண்கள் பாட்டு இயற்றவில்லையா?” என்பதே அக்கேள்வி.

“ஆண்டாள் இருக்கிறாளே” என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது எளிது. அவ்விடை மெய்யே. திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143 ஆக 173 பாசுரங்களை அருளிச்செய்த கோதை நாச்சியார், பாட்டு இயற்றிய பெண்களுக்கெல்லாம் தலைவி. ஆனால் கேள்வி கேட்ட குழந்தை அதோடு நிறைவடைவதில்லை. ஆண்டாளுக்குப் பிறகு இத்தனை நூற்றாண்டுகளில் மற்றவர்கள் எங்கே போனார்கள் என்பதே அவள் அறிய விரும்புவது. அதற்கு நம் ஸம்ப்ரதாயத்திலிருந்தே ஒரு விடையைத் தேடிப் பார்ப்போம். சென்னைக்கு மேற்கே, ஒரே நாளில் ஸேவித்துத் திரும்பக்கூடிய மூன்று ஊர்கள் இதற்கு நமக்கு வழிகாட்டுகின்றன.

பாட்டைக் கேட்ட தாயார்

அம்பத்தூர், ஆவடி என்னும் ஊர்களைக் கடந்து ரயில் மேற்கே செல்லும் வழியில் இருப்பது திருநின்றவூர். திருவாகிய பிராட்டி வைகுந்தத்தை விட்டு வந்து நின்ற ஊர் ஆதலால் இப்பெயர் பெற்றது. அவளுடைய திருத்தந்தையான ஸமுத்ரராஜனே இங்கு வந்து, மகளென்றும் பாராமல் தன்னைப் பெற்ற தாயே என்று அழைத்து வேண்டினானாம். அதனால் இத்தலத்துத் தாயாருக்கு ‘என்னைப் பெற்ற தாயார்’ என்று திருநாமம். பெருமாள் பக்தவத்ஸலன்.

இத்திவ்யதேசத்தைப் பற்றிப் பெரியோர் சொல்லும் இதிஹாஸம் நம் வாசகர்கள் பலரும் அறிந்ததே. திருமங்கையாழ்வார் திவ்யதேசங்கள்தோறும் சென்று மங்களாசாஸனம் செய்துவருகையில் இவ்வூரைப் பாடாமலே கடந்துவிட்டார். அதைக் கண்ட தாயார், “ஆழ்வாரிடம் சென்று நமக்கும் ஒரு பாசுரம் பெற்று வாரும்” என்று பெருமாளை அனுப்பினாள். அதற்குள் ஆழ்வார் திருக்கடல்மல்லைக்குச் சென்றுவிட்டார். பெருமாள் பின்தொடர்ந்து சென்று தம்மைக் காட்ட, ஆழ்வார் அங்கிருந்தபடியே ஒரு பாசுரத்தில் இவரைப் பாடினார். பெருமாள் மகிழ்ச்சியோடு திரும்பி வந்தார். தாயாருக்கு அது போதவில்லை. “மற்ற ஊர்களுக்குப் பத்தும் அதற்கு மேலும் இருக்க, நமக்கு ஒன்றுதானா?” என்றாள். பெருமாள் மறுபடியும் புறப்பட்டார். இம்முறை ஆழ்வார் திருக்கண்ணமங்கையில் இருந்தார். அவ்வூர்ப் பதிகத்தினிடையே இவருக்கும் ஒரு பாசுரம் கிடைத்தது. பெரிய திருமொழியில் திருக்கடல்மல்லைப் பதிகத்தில் ஒன்றும், திருக்கண்ணமங்கைப் பதிகத்தில் ஒன்றுமாகத் திருநின்றவூர்ப் பெருமாள் இடம்பெற்றது இவ்வாறே.

இந்த இதிஹாஸத்தைப் பெருமாளுடைய ஸௌலப்யத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அடியார் வாயால் பாடப்பெற வேண்டும் என்று எம்பெருமான் வழிநடந்தான் என்பது நெஞ்சை உருக்கும் செய்திதான். ஆயினும் நம் கேள்விக்கு வேண்டியது இதில் வேறொன்று இருக்கிறது. பாட்டு வேண்டும் என்று முதலில் நினைத்தவள் தாயார். கிடைத்தது குறைவு என்று உணர்ந்து மறுபடி கேட்கச் சொன்னவளும் அவளே. அவள் கேட்டிராவிட்டால் ஆழ்வார் திருவுள்ளத்தில் இருந்த அப்பாட்டு வெளிவந்திராது. பாட்டுக்குப் பாடுபவர் ஒருவர் வேண்டும்; ‘பாடுக’ என்று கேட்பவரும் ஒருவர் வேண்டும்.

ஸம்ப்ரதாயமே கேட்டுப் பெற்றது

இதைப் பெரிதாக்கிச் சொல்வதாக எண்ணவேண்டாம். திவ்யப்ரபந்தம் நம் கைக்கு வந்ததும் இவ்வழியில்தான். காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் மன்னனார் ஸந்நிதியில் இருந்தபோது, யாத்திரையாக வந்த சிலர் குடந்தை ஆராவமுதன் விஷயமான பதிகத்தை ஸேவித்தனர். அதன் நிறைவுப் பாசுரம், இப்பதிகம் ஓராயிரத்தின் ஒரு பகுதி என்று காட்டியது. “அந்த ஆயிரமும் உமக்கு வருமோ?” என்று நாதமுனிகள் கேட்டார். அவர்களுக்குத் தெரியவில்லை. கேள்வியை அவர் விடவில்லை. குடந்தைக்குச் சென்றார், ஆழ்வார் அவதரித்த திருக்குருகூருக்குச் சென்றார், பராங்குசதாஸரைக் கண்டார், மதுரகவிகள் அருளிய கண்ணிநுண்சிறுத்தாம்பை 12,000 உரு ஸேவித்தார். ஆயிரம் கேட்டவருக்கு நாலாயிரமும் கிடைத்தது.

அந்த நாலாயிரத்துக்குள் கோதையின் 173 பாசுரங்களும் இருந்தன. பெண் ஒருத்தியின் வாக்கு என்று அவற்றை யாரும் தனியே ஒதுக்கவில்லை. ஆழ்வார்களின் பாசுரங்களோடு ஒரே கோவையில் சேர்ந்தன. நாதமுனிகள் அப்பாசுரங்களுக்கு இசையும் தாளமும் அமைத்துத் தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் கற்பித்தார். அவ்வழியில் வந்ததே அரையர் ஸேவை.

நாதமுனிகள் திருச்செவியைப் பற்றிக் குருபரம்பரை சொல்லும் மற்றொரு நிகழ்ச்சியையும் இங்கு நினைக்கவேண்டும். சோழனுடைய அவையில் பாடும் பெண்கள் இருவர் இருந்தனர். ஒருத்தி மனுஷ்ய கானம் பாடினாள். மற்றவள் தேவகானம் பாடினாள். அரசன் முன்னவளையே கொண்டாடினான். தேவகானத்தின் அருமை அவன் செவிக்கு எட்டவில்லை. அவள் வீரநாராயணபுரத்துக்கு வந்து மன்னனார் திருமுன்பே பாட, நாதமுனிகள் கேட்டு வியந்து அவளுக்குப் பெருமாள் மரியாதைகளைச் செய்வித்தார். இதையறிந்த அரசன் வந்து காரணம் வினவ, நாதமுனிகள் பல தாளங்களை ஒருசேர ஒலிக்கச்செய்து, ஓசையைக் கொண்டே அவற்றின் எடை வேறுபாட்டைச் சொன்னார் என்பர். அவ்வளவு நுண்ணிய செவி உடையவர் தேவகானம் என்று அறிந்து கொண்டாடியது ஒரு பெண்ணின் பாட்டை. அவள் பெயரை இந்நிகழ்ச்சி நமக்குச் சொல்லவில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

ஆண்டாள் பாட்டு ஏன் அழியவில்லை?

பிற பெண்களின் பாட்டுக்கு வாய்க்காத எது ஆண்டாள் பாட்டுக்கு வாய்த்தது? பூமிப்பிராட்டியின் அவதாரமாகையால் அவள் வாக்குக்கு அழிவில்லை என்பது தத்துவம். அந்தத் தத்துவம் உலகில் நடந்துவந்த வழியையும் நாம் அறியலாம்.

முதலாவது, அவள் தன் பெயரைப் பாட்டிலேயே பொறித்தாள். சங்கீதத்தில் இதை முத்திரை என்பர். திருப்பாவையின் நிறைவிலும், திருமொழிப் பதிகங்களின் நிறைவிலும் தன் திருநாமத்தைத் தந்தையின் திருநாமத்தோடு சேர்த்துச் சொல்கிறாள். தந்தையைச் சொன்னது ஆசார்ய ஸம்பந்தத்தைக் காட்ட. தன்னைச் சொன்னது அந்தப் பாட்டுக்குத் தான் பொறுப்பு என்று காட்ட.

இரண்டாவது, அவள் பாட்டு நித்யாநுஸந்தானத்தில் இடம்பெற்றது. திருப்பாவையின் இறுதி இரண்டு பாசுரங்கள் சாற்றுமுறையில் ஒலிக்கின்றன. திருமலையில் மார்கழி மாதத்தில் ஸுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவை ஸேவிக்கப்படுகிறது. அன்றாட வழிபாட்டில் இடம்பெற்ற பாட்டைக் காலம் எளிதில் பறித்துக்கொள்ளாது.

மூன்றாவது, ஆசார்யர்கள் அவள் பாட்டைத் தங்கள் வாழ்வுக்குள் ஏற்றுக்கொண்டார்கள். எம்பெருமானாருக்குத் ‘திருப்பாவை ஜீயர்’ என்று பெயர். மாதுகரத்துக்கு எழுந்தருளும்போது திருப்பாவையை அநுஸந்தித்தபடியே செல்வார். அப்படி ஒருநாள் 18-ஆம் பாசுரத்தில் ஈடுபட்டிருந்தபோது, பெரிய நம்பியின் திருமகள் அத்துழாய் வளையொலிக்கக் கதவைத் திறக்க, நப்பின்னைப் பிராட்டியே வந்தாள் என்று எண்ணி மோஹித்து விழுந்தார் என்று பெரியோர் சொல்வர். நாச்சியார் திருமொழியில் கோதை, திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டாள். பாட்டில் வைத்த அந்த நேர்த்தியை உடையவர் நிறைவேற்றிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுந்தருள, ஆண்டாள் அவரைத் தன் அண்ணனாக அழைத்து எதிர்கொண்டாள் என்பது ப்ரஸித்தம். ஒரு பெண்ணின் பாட்டில் இருந்த சொல்லைத் தமக்கிட்ட கட்டளையாகவே யதிராஜர் கொண்டார்.

அவருக்குப் பின் வந்தோர் அதைத் தொடர்ந்தனர். பெரியவாச்சான் பிள்ளை திருப்பாவைக்கு மூவாயிரப்படி அருளினார். அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆறாயிரப்படி அருளினார். ஸ்வாமி தேசிகன் 29 சுலோகங்களால் கோதாஸ்துதி செய்தார். மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் ஆண்டாளுக்கென்றே மூன்று பாசுரங்கள் ஒதுக்கினார். விஜயநகரத்து மன்னர் கிருஷ்ணதேவராயர், தெலுங்கில் தாம் இயற்றிய பெருங்காவியமான ஆமுக்தமால்யதாவுக்கு அவள் சரிதத்தையே பொருளாகக் கொண்டார்.

இசையுலகமும் பின்தங்கவில்லை. சங்கீத வித்வான் அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் திருப்பாவை முப்பது பாசுரங்களுக்கும் ராகங்கள் அமைத்தார். முதற்பாசுரம் நாட்டையிலும் நிறைவுப் பாசுரம் சுருட்டியிலும் இன்று உலகமெங்கும் ஒலிப்பதை நாம் கேட்கிறோம். எம்.எல். வசந்தகுமாரி பாடிய இசைத்தட்டு வழியாக, ஸந்நிதிக்கு வராதவர் இல்லங்களிலும் திருப்பாவை புகுந்தது.

பெயர் பொறித்தல், வழிபாட்டில் இடம், ஏற்று நடத்தும் கோஷ்டி ஆகிய இம்மூன்றும் அமைந்ததால் ஆண்டாள் பாட்டு நின்றது. மற்றப் பெண்களின் பாட்டுகளையும் இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் குழந்தையின் கேள்விக்கு விடை தெளிவாகும்.

நின்றவையும் மறைந்தவையும்

திருமலையில் இரவு ஏகாந்த ஸேவையின்போது தாளப்பாக்கத்தார் தாலாட்டும் தரிகொண்ட வேங்கமாம்பாவின் ஆரத்தியும் நடைபெறுவது வழக்கம். வேங்கமாம்பா (1730–1817) தரிகொண்டா என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே கணவரை இழந்தவர். ஊராரின் ஏச்சைப் பொருட்படுத்தாமல் திருவேங்கடமுடையானே கதி என்று திருமலைக்கு வந்து, பல நூல்களும் கீர்த்தனைகளும் இயற்றினார். அவர் பெயர் ஒவ்வோர் இரவும் திருமலையில் சொல்லப்படுகிறது. கோயில் அவர் பெயருக்கும் ஆரத்திக்கும் நாள்தோறும் ஓர் இடம் ஒதுக்கியதே அதற்குக் காரணம்.

கன்னட நாட்டில் ஹெளவனகட்டெ கிரியம்மா என்னும் ஹரிதாஸி 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவ்வூர் ரங்கநாதனின் பெயரையே முத்திரையாக வைத்தார்; தம் பெயரை வைக்கவில்லை. ஆயினும் அவர் பாட்டுகள் நிலைத்தன. கன்னடப் பெண்கள் அவற்றைத் தங்கள் வீடுகளில் பாடிப் பாடிக் கைமாற்றி வைத்ததே அதற்குக் காரணம். முத்திரையில் இல்லாத பெயரைக் கோஷ்டி காத்தது.

தஞ்சையில் மராட்டிய மன்னர் பிரதாபஸிம்ஹரின் அவையில் முத்துப்பழனி என்னும் கவிதாயினி இருந்தார். ராதிகா ஸாந்த்வனம் என்னும் தெலுங்குக் காவியம் அவருடையது. திருப்பாவையைத் தெலுங்கில் பெயர்த்தவரும் அவரே. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த பாட்டு, பல நூற்றாண்டுகள் கழித்துத் தஞ்சை அரசவைப் பெண் ஒருவரின் நாவில் வேறு மொழியில் மறுபடி பிறந்தது. ஆனால் அவர் காவியம் பின்னாளில் அச்சேறியபோது அதன் முகவுரையும் செய்யுள்கள் சிலவும் விடப்பட்டன. பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) மூலச்சுவடியைக் கேட்டுப் பெற்று, முழு நூலையும் 1910-இல் பதிப்பித்தார். ஆங்கிலேய அரசு அதைத் தடைசெய்தது. 1947-இல்தான் தடை நீங்கியது. ‘கேட்டுப் பெற்று’ என்ற சொல்லைக் கவனிக்கவும். அந்த அம்மையார் கேட்டதனால் ஒரு பெண்ணின் நூல் முழுமையாக மீண்டது. இவரே திருவையாற்றில் தியாகராஜ ஸ்வாமியின் ஸமாதி ஆலயத்தைத் தம் செல்வத்தால் எழுப்பியவர். ஆராதனையில் பெண்கள் பாட இடம் இல்லாதிருந்தபோது அவர்களைத் திரட்டிப் பாடச் செய்தவர்.

நமக்கு அண்மைக்காலத்தவர் மதுரையைச் சேர்ந்த அம்புஜம் கிருஷ்ணா (1917–1989). தமிழ், தெலுங்கு, கன்னடம், ஸம்ஸ்க்ருதம், ஹிந்தி எனப் பல மொழிகளில் 600-க்கும் மேற்பட்ட பாடல்கள் இயற்றினார். அவற்றுள் கண்ணனைப் பற்றியவை பல. முசிறி சுப்பிரமணிய ஐயர், செம்மங்குடி சீனிவாச ஐயர், வி.வி. சடகோபன், எஸ். ராமநாதன், டி.என். சேஷகோபாலன் முதலிய வித்வான்கள் அவற்றுக்கு இசை அமைத்தனர். ஸ்வரக்குறிப்போடு ‘கீதமாலா’ என்னும் தொகுதிகளாக அவை அச்சாயின. மேடைகளில் இன்றும் பாடப்படுகின்றன. சொல்லையும் இசையையும் தாமே அமைத்து, 72 மேளகர்த்தா ராகங்களிலும் கிருதிகள் செய்த கல்யாணி வரதராஜன் அம்மையாரையும் இங்கே நன்றியோடு நினைக்கவேண்டும்.

ஆகவே பெண்கள் இயற்றினார்கள். இசை அமைப்போரும் அச்சிடுவோரும் பாடுவோரும் கிடைத்தவர்களின் பாட்டு நின்றது. அந்த வாய்ப்பு இல்லாதவர்களின் பாட்டு அவர்களோடே போயிற்று. மும்மூர்த்திகளுக்குச் சிஷ்யபரம்பரை இருந்தது. ஒரு பாடம் மறைந்தால் இன்னொரு சிஷ்யர் வீட்டில் அது கிடைத்தது. அடுக்களையிலும் ஊஞ்சலடியிலும் பாடியவளுக்குச் சிஷ்யர் ஏது? மகளும் மருமகளுமே அவளுக்குச் சிஷ்யபரம்பரை. அவர்கள் கேட்டுக்கொள்ளாவிட்டால் அப்பாட்டுக்கு வேறு போக்கிடம் இல்லை.

எழுதி வைப்பது மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. அன்னமாசார்யருடைய கீர்த்தனைகளை அவர் குடும்பத்தார் செப்பேடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலிலேயே சேமித்தார்கள். செம்பு அழியவில்லை. ஆனால் அவற்றைப் பாடும் வழக்கு நின்றுபோனதால், 20-ஆம் நூற்றாண்டில் ஏடுகள் வெளிவந்தபோது ராகத்தின் பெயர் இருந்தது. அவர் பாடிய மெட்டு இல்லை. பின்வந்த வித்வான்கள் புதிதாகவே இசையமைக்க நேர்ந்தது. ஏட்டோடு நாவும் வேண்டும்.

சுமந்து சென்றவரும் பாட மறுத்தவரும்

இங்கே இரண்டு தடைகளைச் சிலர் எழுப்பக்கூடும். அவற்றுக்கு விடை சொல்லாமல் மேலே செல்வது முறையன்று.

“அருளிச்செயல் இருக்க, நம் வீட்டுப் பெண்கள் கட்டிய பாட்டு எதற்கு? அதைச் சுமப்பது ஒரு கைங்கர்யமா?” என்பது முதல் தடை. இதற்குப் பூவிருந்தவல்லிக்குச் செல்வோம். புஷ்பவல்லித் தாயார் எழுந்தருளியிருக்கும் அவ்வூரில், மாசி மிருகசீர்ஷத்தில் அவதரித்தவர் திருக்கச்சிநம்பிகள். அவர் அங்கே நந்தவனம் அமைத்து, பூக்களைக் காஞ்சிக்குக் கொண்டுசென்று தேவப்பெருமாளுக்குச் சமர்ப்பித்தார். திருவாலவட்டக் கைங்கர்யம் செய்தார். பூவைப் படைத்தவன் பெருமாள். நம்பிகள் செய்தது சுமந்து சென்றது. இளையாழ்வாராக இருந்த நம் எம்பெருமானாருக்கு ஸந்தேஹம் வந்தபோதும், நம்பிகளே பெருமாளிடம் கேட்டு ஆறு வார்த்தைகளைக் கொண்டுவந்தார். அந்த வார்த்தைகளும் அவருடையவை அல்ல. அவர் கேட்டார், சுமந்தார், சேர்த்தார். அக்கைங்கர்யத்தை நம் ஸம்ப்ரதாயம் எவ்வளவு உயர்த்திப் பேசுகிறது என்பதை நாம் அறிவோம். கேட்டுக் கொண்டுவந்து சேர்ப்பதே கைங்கர்யம் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

வீட்டுப் பாட்டை அருளிச்செயலுக்கு ஒப்பாக வைக்கவேண்டும் என்று அடியேன் சொல்லவில்லை. ஸந்நிதி கோஷ்டியில் அதற்கு இடம் கேட்கவும் இல்லை. நந்தவனத்துப் பூ பெருமாளுக்கு. வீட்டுக் கொல்லையில் பூத்த பூ வீட்டுத் திருவாராதனப் பெருமாளுக்கு ஆகாதா? ஊஞ்சல், லாலி, மங்களம், நலங்கு, சீமந்தம், தொட்டிலிடுதல் என்று எத்தனையோ தருணங்கள் நம் இல்லங்களில் இருக்கின்றன.

“பெண் பாட்டு இயற்றினால் அது புகழுக்கும் மேடைக்கும் வழியாகிவிடாதா?” என்பது இரண்டாவது தடை. இதற்கு, பூவிருந்தவல்லிக்கு அடுத்துள்ள திருமழிசை விடை சொல்லும். ஜகந்நாதப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் இவ்வூரில் அவதரித்தவர் திருமழிசையாழ்வார். அவர் சிஷ்யர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் தன்னைப் பாடும்படி கட்டளையிட்டான். கணிகண்ணன் மறுத்தார், நாடு கடத்தப்பட்டார். சிஷ்யரோடு ஆழ்வார் புறப்பட, ஆழ்வார் சொற்படி திருவெஃகாப் பெருமாளும் பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு உடன் புறப்பட்டான். மன்னன் மனம் வருந்தி வேண்டிய பின்பே எல்லாரும் திரும்பினர். பாட்டுக்கு வரும் கேடு, அது யாரைப் பாடுகிறது, யாருக்காகப் பாடுகிறது என்பதிலே இருக்கிறது. பாடுபவர் ஆணா பெண்ணா என்பதில் இல்லை. மன்னன் கேட்டும் பாடாத கணிகண்ணனும், யாரும் கேளாமலே தொட்டிலடியில் கண்ணனைப் பாடிய பாட்டியும் ஒரே பக்கத்தில் நிற்பவர்கள்.

ஆண்டாள் அவதார விசேஷம், ஸாதாரணப் பெண்களுக்கு அவளை உதாரணமாகச் சொல்லலாமா என்று ஐயுறுவோரும் உண்டு. அவள் திருப்பாவையில் செய்தது என்ன? ஆய்ப்பாடிப் பெண்களாகத் தங்களைப் பாவித்து, உறங்குகின்றவர்களை ஒவ்வொருத்தியாக எழுப்பி, எல்லாரையும் கூட்டிக்கொண்டு சென்று பாடினாள். பகவத்விஷயத்தைத் தனியே அநுபவிக்கலாகாது என்பதே அதன் கருத்து என்று வியாக்யாதாக்கள் காட்டுகிறார்கள். தான் மட்டும் பாடவேண்டும் என்று எண்ணியிருந்தால் அவள் யாரையும் எழுப்பியிருக்க மாட்டாள்.

நாம் செய்யத்தக்கது

உலகின் பல நாடுகளில் வாழும் நம் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் இல்லத்தில் எண்பது, தொண்ணூறு வயதான பாட்டிமார் இருந்தால், அவர்களிடம் சென்று கேளுங்கள். “பாட்டு ஏதாவது தெரியுமா?” என்று கேட்டால், “எனக்கு என்ன தெரியும்?” என்றுதான் விடை வரும். “உங்கள் அம்மா தொட்டிலில் என்ன பாடுவார்? ஆண்டாள் கல்யாணத்துக்கு உங்கள் ஊரில் எதைப் பாடுவீர்கள்? இந்த அடி யார் கட்டியது?” என்று விரித்துக் கேளுங்கள். ஒருமுறை கேட்டு வராவிட்டால் மறுமுறையும் கேளுங்கள். தாயாரும் இருமுறை கேட்டாள்.

கிடைத்ததைக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். பாடியவர் பெயர், கட்டியவர் பெயர், ஊர், எந்தத் தருணத்துக்கு உரியது ஆகியவற்றைத் தாளில் எழுதி வையுங்கள். ராகம் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். பாடிய மெட்டு பதிவில் இருக்கும். அடிகள் விட்டுப்போயிருந்தால் நம் மனத்துக்குத் தோன்றியதை இட்டு நிரப்ப வேண்டாம். இயற்றியவள் பெயரைச் சொல்லாமல் பாட்டை மட்டும் பரப்பவும் வேண்டாம். நாதமுனிகள் கொண்டாடிய அந்தத் தேவகானப் பெண்ணின் பெயர் நமக்கு எட்டாமற்போனது போல, நம் வீட்டுப் பெண் ஒருத்தியின் பெயரும் போகவிடலாகாது.

அதன்பின் அப்பாட்டை ஒரு குழந்தைக்காவது கற்பியுங்கள். இல்லத்துத் திருவாராதனத்தில், அருளிச்செயல் சாற்றுமுறை முடிந்தபின், வருஷத்துக்கு ஒருநாளாவது அதைப் பாடச் செய்யுங்கள். ஆடிப்பூரம் அதற்கு ஏற்ற நாள். பாடுமுன் இயற்றியவளின் பெயரை அக்குழந்தை சொல்லட்டும். பெயர், வழிபாட்டில் ஓர் இடம், ஏற்று நடத்தும் ஒரு சிறு கோஷ்டி ஆகிய மூன்றையும் ஓர் எளிய பாட்டுக்கும் நம்மால் தர இயலும்.

புதிதாகப் பாட்டு இயற்றும் பெண்குழந்தைகள் இருந்தால் “நம் மரபில் இல்லை” என்று தடுக்காதீர்கள். திருப்பாவையும் நாச்சியார் திருமொழியும் நம் மரபின் நடுவே இருக்கின்றன. முதலில் அவற்றை ஸந்தை சொல்லிக் கற்கட்டும். வியாக்யானத்தின் சுவையை அறியட்டும். ராகமும் தாளமும் நன்கு பயிலட்டும். பிறகு எம்பெருமானை அவள் தன் சொல்லால் பாட விரும்பினால் பெரியோரிடம் காட்டித் திருத்திக்கொள்ளட்டும். கேட்பார் இருக்கிறார்கள் என்று அவள் அறிந்தால் போதும்.

இளம்பெண்ணின் கேள்விக்கு இனி விடை சொல்லலாம். “பெண்கள் பாட்டு இயற்றினார்கள், குழந்தாய். பலருடைய பாட்டை நாம் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. கேட்டு வாங்கியவை ஒவ்வோர் இரவும் திருமலையிலும், ஒவ்வொரு மார்கழியிலும் உன் வீட்டிலும் ஒலிக்கின்றன. இனிமேல் கேட்கும் பொறுப்பு உனக்கும் எனக்கும் உண்டு.”

அடியவர் பாட்டுக்கு ஆசைப்பட்டு, ஒன்று கிடைத்தும் நிறைவடையாமல் மறுபடியும் பெருமாளை வழிநடக்கச் செய்த என்னைப் பெற்ற தாயார், நம் இல்லங்களில் அடங்கிக் கிடக்கும் பாட்டுகளையும் கேட்டருளத் திருவுள்ளம் பற்றுவாளாக.

என்னைப் பெற்ற தாயார் திருவடிகளே சரணம்.
ஆண்டாள் திருவடிகளே சரணம்.
எம்பெருமானார் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜதாஸன்